பெரிய எரிமலை வெடிப்பும் அருகில் வாழும் மக்களும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலிருந்து மலாக்கா நீரிணைக்கு மேலாகத் தென்மேற்கே ஒரு நேர்கோடு இழுத்தால், ஏறக்குறைய 330 கிலோமீட்டரில் அக்கோடு வட சுமத்ராவின் சினாபுங் எரிமலையைத் தொடும். நாம் சாலை வழியே கோலாலம்பூருக்குப் போகும் தூரத்தைவிட அது சற்றுக் குறைவுதான். அப்படியிருந்தும் எரிமலையைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பொருளாகவே நம்மில் பலர் கருதுகிறோம். பட்டர்வொர்த் பக்கம் பல ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்திய எனக்கு, சுமத்ராவிலோ ஜாவாவிலோ ஒரு மலை புகையும்போதெல்லாம் உறவினரிடமிருந்தும் பழைய மாணவரிடமிருந்தும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எரிமலைப் பாதிப்பை மதிப்பிடுவது என்றால், அது எப்போது வெடிக்கும் என்று கணித்துச் சொல்வதா?

இல்லை. நாளும் நேரமும் குறித்துத் தருவதற்கு அது ஜாதகம் அன்று. மலையிலிருந்து என்னென்ன வரக்கூடும், அவை எந்த வழியாக எவ்வளவு தூரம் வரும், அந்த வழியில் யார் குடியிருக்கிறார்கள், அவர்களுடைய வீடும் சாலையும் பிழைப்பும் எந்த அளவுக்குத் தாங்கும் என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தேடி வைப்பதே மதிப்பீடு. முதல் இரண்டும் மலையைப் பற்றியவை. மற்ற இரண்டும் மக்களைப் பற்றியவை. செய்திகளில் முதல் இரண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

மக்களைப் பற்றிய கேள்விகள் ஏன் முக்கியம் என்பதை இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் பனிமூடிய எரிமலை 1985 நவம்பர் 13 அன்று வெடித்தது. எரிமலைகளின் கணக்கில் அது சிறிய வெடிப்பு. ஆனால் உச்சியிலிருந்த பனியில் ஒரு பகுதி உருகி, சாம்பலோடும் பாறையோடும் கலந்து சேறாகி, ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கி, இரண்டரை மணி நேரம் கழித்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆர்மேரோ நகரை மூடியது. அந்த வெடிப்பில் 23,000 பேர் வரை மாண்டனர். ஆர்மேரோ ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் சில வாரங்களுக்கு முன்பே ஆயத்தமாகி இருந்தது. அடுத்து, பிலிப்பைன்ஸின் பினாதுபோ. 1991 ஜூன் 15 அன்று நிகழ்ந்த அதன் வெடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ரூயிஸின் வெடிப்பைப் போல் நூறு மடங்குக்கும் மேல் பெரியது. சுற்றிலும் பல லட்சம் பேர் வசித்தனர். ஆயினும் இறந்தோர் எண்ணிக்கை ஆயிரத்துக்குள் நின்றது. பிலிப்பைன்ஸ், அமெரிக்க எரிமலை ஆய்வாளர்கள் ஏப்ரல் மாதத்திலிருந்தே மலையடியில் தங்கி, அபாய வரைபடம் வரைந்து, அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் ஆபத்து எப்படியிருக்கும் என்பதைக் காணொளியாகக் காட்டி, மக்களை வட்டம் வட்டமாக வெளியேற்றியதே அதற்குக் காரணம். பெரிய வெடிப்பில் குறைந்த சாவு, சிறிய வெடிப்பில் பெருஞ்சாவு என்று இந்தக் கணக்கு தலைகீழானதற்கு மலை காரணமில்லை.

வெடிப்பின் அளவை எப்படிச் சொல்கிறார்கள்?

எரிமலை வெடிப்புக் குறியீடு என்று ஓர் அளவுகோல் உண்டு. 0 முதல் 8 வரை செல்லும். வெளியே வீசப்பட்ட சாம்பலும் கல்லும் எத்தனை கன கிலோமீட்டர் என்பதே அதன் அடிப்படை. மேல்நிலைகளில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. 1991 பினாதுபோவும் இந்தோனேசியாவின் 1883 கிரக்கத்தாவாவும் 6. அதே நாட்டின் 1815 தம்போரா 7. சுமத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய தோபா 8. நிலநடுக்கத்திற்கான ரிக்டர் எண்ணைப் போலவே இந்த எண்ணும் செய்தித் தலைப்புக்கு வசதியானது. அருகில் வசிப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

“அருகில்” என்றால் எத்தனை கிலோமீட்டர்?

மலையிலிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் அருகு வேறு. அதனால்தான் ஒரே வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து, வெளியே இருப்பவர்களுக்கு இல்லை என்று சொல்வது தவறாகிவிடுகிறது.

திரைப்படங்களில் ஓடிவரும் செந்நிற எரிகுழம்பு பெரும்பாலும் மெதுவாகவே நகரும். வீட்டையும் தோட்டத்தையும் அழிக்குமே தவிர, ஆட்களுக்கு விலகிச் செல்ல நேரம் கிடைக்கும். உயிர்களைக் கொல்வதில் முதலிடம் இந்தோனேசியர்கள் ‘அவான் பானாஸ்’ என்று சொல்லும் சூட்டு மேகத்துக்கு. மலாய் தெரிந்த நமக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வாயுவும் சாம்பலும் பாறைத் துண்டுகளும் சேர்ந்து, பல நூறு பாகை வெப்பத்தில், காரை விஞ்சும் வேகத்தில் சரிவில் உருண்டு இறங்கும். அதை ஓடித் தப்ப முடியாது; அது வருமுன் அங்கே இல்லாமல் இருப்பது ஒன்றே வழி. வழக்கமாக இது சில கிலோமீட்டர் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை போகும். பேரளவு வெடிப்புகளில் அதற்கும் மேல்.

இரண்டாவது லஹார், அதாவது சாம்பலும் நீரும் கலந்த சேற்று வெள்ளம். இச்சொல்லை உலகுக்குத் தந்தது ஜாவானிய மொழி. (செபராங் பிறை வடக்கில் லஹார் தியாங், லஹார் ஈக்கான் மாத்தி என்றெல்லாம் ஊர்கள் இருப்பதைச் சுட்டி ஒருவர் என்னிடம் கவலைப்பட்டதுண்டு. அந்தப் பெயர்களுக்கும் எரிமலைச் சேற்றுக்கும் தொடர்பில்லை.) லஹாருக்கு வட்டம் தெரியாது, ஆறுதான் தெரியும். ஆர்மேரோவைப் போல் மலையே கண்ணில் படாத ஊரையும் அது தேடிவரும்; வெடிப்பு ஓய்ந்து மாதங்கள் ஆன பிறகும் ஒரு கனமழை போதும். மேற்கு சுமத்ராவில் மராப்பி மலைச் சரிவுகளில் குவிந்திருந்த சாம்பல் 2024 மே மாதம் பெருமழையில் கரைந்து இறங்கியபோது 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது வெடிப்பு நாளில் நடந்தது அன்று. மழை நாளில் நடந்தது.

சாம்பலின் எல்லையைத் தீர்மானிப்பது காற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அது விழலாம். 1883-இல் கிரக்கத்தாவாவின் சாம்பல் 840 கிலோமீட்டர் வடக்கே இருந்த சிங்கப்பூரில் படிந்தது.

கடலோர மலையாக இருந்தால் சுனாமியும் சேரும். அதே கிரக்கத்தாவாவில் இறந்த 36,000-க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோரை அலைகளே கொண்டுபோயின. அதன் பிள்ளையான அனாக் கிரக்கத்தாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22 இரவில் கடலுக்குள் சரிந்தபோது, முன்னறிவிப்புக்கு உதவக்கூடிய பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை. எச்சரிக்கை இல்லாமலே அலை வந்து 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

ஆகவே நல்ல அபாய வரைபடம் வட்டமாக இராது. ஆற்றுப் பள்ளங்கள் வழியே விரல்விரலாக நீண்டும், காற்றடிக்கும் பக்கம் பிதுங்கியும் இருக்கும்.

வெடிக்காத மலையைப் பற்றி இதையெல்லாம் எப்படி அறிகிறார்கள்?

மண்ணைத் தோண்டித்தான். ஒவ்வொரு வெடிப்பும் தன் அடுக்கை விட்டுச் செல்கிறது. அடுக்கின் தடிப்பு, துகளின் பருமன், அதில் சிக்கிய கரித்துண்டின் வயது ஆகியவற்றைக் கொண்டு முன்பு எத்தனை முறை, எந்தப் பக்கம், எவ்வளவு வந்தது என்று கட்டிப் பார்க்கிறார்கள். எழுதப்பட்ட வரலாற்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதற்குச் சினாபுங்கே சாட்சி. பல நூறு ஆண்டுகள் அது உறங்கியது. சரிவெங்கும் முட்டைகோசும் உருளைக்கிழங்கும் விளைந்தன. 2010 ஆகஸ்டு இறுதியில் விழித்தது. 2013 முதல் பல ஆண்டுகள் விட்டு விட்டு வெடித்தது. 2010-க்கு முன் அங்கே தொடர் கண்காணிப்பு இல்லை, உறங்கும் மலைக்குக் கருவி வைப்பதில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இப்போது கருவிகள் பேசுகின்றன. பாறைக்குழம்பு மேலேறும்போது சிறு சிறு அதிர்வுகள் கூடும். மலை சில சென்டிமீட்டர் உப்பும், அதைத் தரையிலுள்ள ஜிபிஎஸ் கருவிகளும் செயற்கைக்கோள் ரேடாரும் அளக்கும். கந்தக டைஆக்சைடு வாயு மிகும். இவற்றில் ஒன்று மட்டும் மாறினால் பொருள் அதிகமில்லை. மூன்றும் சேர்ந்து மாறினால் ஆய்வாளர்கள் அன்றிரவு தூங்கமாட்டார்கள்.

நிகழ்தகவு என்று சொல்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கிளை பிரியும் மரம்போல் கேள்விகளை அடுக்குகிறார்கள். மலையில் அமைதிக்குலைவு உண்டா? உண்டென்றால் அது பாறைக்குழம்பினால்தானா? அப்படியானால் வெடிப்பில் முடியுமா? முடிந்தால் பெரிதா, சிறிதா? பெரிதென்றால் இந்த ஊர் இருக்கும் பக்கம் வருமா? ஒவ்வொரு கிளைக்கும், பழைய அடுக்குகளையும் இதே வகையான பிற மலைகளையும் ஆய்வாளர்களின் கருத்தையும் கொண்டு ஓர் எண் தருகிறார்கள். புரிந்துகொள்வதற்காக நானே இட்டுக்கட்டிய எண்களைச் சொல்கிறேன்: இந்த ஆண்டு வெடிக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு, வெடித்தால் பெரிதாக இருக்க ஐந்தில் ஒன்று, பெரிதானால் சூட்டு மேகம் குறிப்பிட்ட கிராமத்தின் பக்கம் திரும்ப நான்கில் ஒன்று. பெருக்கினால் இருநூறில் ஒன்று.

இருநூறில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். அந்தக் கிராமத்தில் முப்பது ஆண்டுகள் குடியிருந்து பிள்ளை வளர்க்கப் போகிறவருக்கு அது ஏறக்குறைய ஏழில் ஒன்றாகிவிடுகிறது. மழைக்காலத்தில் குடை எடுத்துச் செல்ல இதைவிடக் குறைந்த வாய்ப்பே நமக்குப் போதும்.

வீடுகளைப் பற்றி என்ன பார்க்கிறார்கள்?

முதலில் கூரையை. பத்து சென்டிமீட்டர் உலர்ந்த சாம்பல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை தரும். மழையில் நனைந்தால் அது 200 கிலோவரை போகலாம். மெல்லிய சட்டங்களின் மேல் ஜிங்க் தகடு வேய்ந்த வீடு அதைத் தாங்காது. பினாதுபோ வெடித்த அதே நாளில் யூன்யா புயலும் வந்து சேர்ந்தது. மழையில் ஊறிய சாம்பலின் பாரத்தால் கூரைகள் விழுந்தே பலர் இறந்தனர். மலையிலிருந்து தப்பி ஒதுங்கிய கட்டடமே சிலருக்குக் கூற்றாயிற்று. ஆகவே மதிப்பீட்டாளர்கள் தெருத் தெருவாகப் போய்க் கூரைச் சரிவு, சட்டத்தின் வலு, வீட்டின் வயது ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். துயர்துடைப்பு மையமாகக் குறித்து வைத்திருக்கும் பள்ளி மண்டபத்தின் அகன்ற கூரையையும் பார்க்க வேண்டும். தூண் இல்லாத பெரிய மண்டபக் கூரைகளுக்கே சாம்பல் பாரம் அதிக ஆபத்து.

அதன் பின்னர்தான் சாலை, பாலம், மருத்துவமனை, நீரேற்று நிலையம், மின்கம்பி. ஊரைவிட்டு வெளியேறும் ஒரே பாலம் லஹார் வரும் ஆற்றின் மேலேயே இருந்தால், அந்த ஊருக்கு வெளியேறும் வழியே இல்லை என்று எழுதிக்கொள்வதே நேர்மை. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்தபோது தோங்கா நாட்டின் கடலடிக் கம்பி அறுந்து, நாடே வெளியுலகத் தொடர்பை இழந்தது. செய்தி போய்ச்சேரும் வழியும் கூரையைப்போல் இடிந்துவிழக் கூடியது.

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் மக்கள் திரும்பிப் போகிறார்கள்?

இக்கேள்வியைச் சிலர் ஏளனத்தோடு கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. சினாபுங் அடிவாரத்திலிருந்து 2014 தொடக்கத்தில் ஏறக்குறைய 30,000 பேர் வெளியேற்றப்பட்டிருந்தனர். மலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள சுகாமெரியா கிராமத்தில் அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று சூட்டு மேகம் இறங்கி, தடையை மீறி உள்ளே சென்றவர்களைக் கொன்றது. 2016 மே 21 அன்று காம்பர் கிராமத்தில் மீண்டும் அதே நிகழ்வு. இறந்தவர்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஜாவாவின் மெராப்பியில் 2010-இல் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், மாட்டுக்குப் புல் போடப் பகலில் திரும்பிப் போவது பெருஞ்சிக்கலாக இருந்தது. மாடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

எரிமலை மண் வளமானது. சினாபுங் நிற்கும் கரோ மேட்டுநிலத்தின் காய்கறிகள் ஒரு காலத்தில் பினாங்குச் சந்தைக்கே கப்பலேறி வந்தன. தமிழர்களைத் தோட்டத் தொழிலாளர்களாக மேடானுக்குக் கொண்டுவந்த டெலி புகையிலைக்கும் அந்த மண்ணே காரணம். நிலத்தை விட்டு வந்தவருக்கு மாதக்கணக்கில் முகாமில் சோறு கிடைக்கும், ஆனால் வட்டிக்கடனும் பிள்ளையின் பள்ளிச்செலவும் காத்திருக்காது. ஆகையால் ஒரு குடும்பம் எத்தனை வாரம் வருமானமின்றித் தாங்கும், கால்நடைக்கு இடம் உண்டா, பூட்டிய வீட்டுக்குக் காவல் உண்டா என்பனவும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். இவற்றை விட்டுவிட்டு வரைந்த வெளியேற்றத் திட்டம் முதல் பதினைந்து நாளுக்கு மட்டுமே செல்லும்.

மக்களை வெளியேற்றிய பின் வெடிக்காவிட்டால்?

அப்படியும் நடக்கிறது. பாலித் தீவின் ஆகுங் மலைக்கு 2017 செப்டம்பர் 22 அன்று உச்ச எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஐந்து வாரம் ஒன்றும் நிகழவில்லை. அக்டோபர் 29 அன்று எச்சரிக்கையை ஒரு படி குறைத்தார்கள். நவம்பர் 21 அன்று மலை வெடித்தது. கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் 1976-இல் 70,000 பேருக்கு மேல் பல மாதங்கள் வெளியேற்றப்பட்டனர். பெரிய வெடிப்பு வரவேயில்லை. அங்கே ஆய்வாளர்களுக்குள் நடந்த வாக்குவாதம் இன்றும் எரிமலையியலில் பாடமாகச் சொல்லப்படுகிறது.

என் கருத்தில், வெடிக்காமல் போனதைப் பொய் எச்சரிக்கை என்று சொல்வது சரியன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன் இரத்தம் ஏற்பாடு செய்து வைத்து, அது தேவைப்படாமல் போனால் மருத்துவரை யாரும் பொய்யர் என்பதில்லை. ஆனால் வெளியேறியவர் இழந்த கூலியை யார் தருவது என்பதை முன்பே தீர்மானிக்காத அரசு, அடுத்த முறை கதவைத் தட்டும்போது பதில் வராது.

இந்தோனேசிய எச்சரிக்கை நிலைகளை எப்படிப் படிப்பது?

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. பண்டுங் நகரிலுள்ள எரிமலையியல், நிலவியல் பேரிடர் தணிப்பு மையம் நான்கு நிலைகளை அறிவிக்கிறது: நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். கடைசிச் சொல்லை நம் சாலைகளில் பழுதுபார்ப்புப் பலகையிலும் மின்பெட்டியின் மேலும் நாள்தோறும் பார்த்துப் பழகியதால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எரிமலை அறிவிப்பில் அதுவே உச்ச நிலை.

அதைவிட முக்கியமானது, கீழ்நிலையையும் இலேசாக எண்ணாதிருப்பது. 2023 டிசம்பர் 3 அன்று மராப்பி வெடித்தபோது அது இரண்டாம் நிலையில், வஸ்பாடாவில்தான் இருந்தது. உச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. அந்த எல்லைக்குள் இருந்த மலையேறிகள் 24 பேர் இறந்தனர். நிலையின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், கூடவே வரும் கிலோமீட்டர் கணக்கையும் படிக்க வேண்டும். சுமத்ராவின் மராப்பி வேறு, ஜாவாவின் மெராப்பி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் வரும் படங்களில் பாதி ஒன்றை மற்றொன்றாகக் காட்டுகின்றன.

பினாங்கு மலை எரிமலையா?

இல்லை. அது கருங்கல் மலை. ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகிய பாறை, மேல்மண் அரிக்கப்பட்டு வெளிப்பட்டது. தண்ணீர்மலையும் அதே பாறைதான். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை.

அப்படியானால் சுமத்ராவில் பெரிதாக வெடித்தால் பினாங்குக்கு என்ன வரும்?

சூட்டு மேகமும் லஹாரும் இங்கே வாரா. வரக்கூடியது சாம்பல், அதுவும் காற்றைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் சுமத்ராவின் தீப்புகை நம் தீவை மூடுவதை 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் கண்டோம். கீழ்வானில் உலவும் சாம்பலுக்கும் அதே வழிதான். ஆனால் பெரிய வெடிப்பு சாம்பலைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குத் தள்ளும். நம் வெப்பமண்டலத்தில் அந்த உயரத்தில் காற்று பல மாதங்கள் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. அப்போது சாம்பல் இந்துமாக் கடலுக்குப் போய்விடும். ஆகவே இங்கே ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதில் பயனில்லை.

புகைமூட்டத்தோடு இதை ஒப்பிடுவது ஓரளவுக்கே சரி. புகை எரிந்த பொருளின் கரி. சாம்பல் என்று நாம் சொல்லும் எரிமலைத் துகளோ பொடித்த கண்ணாடியும் பாறையும். அடுப்புச் சாம்பல்போல் அது நீரில் கரையாது; ஈரமானால் மின்கடத்தும், சாக்கடையில் சேர்ந்தால் சிமெண்டுபோல் அடைக்கும். ஜோர்ஜ்டவுனில் ஒரு மணி நேர மழைக்கே சில தெருக்கள் நீரில் நிற்பதை அறிந்தவர்களுக்கு, வாய்க்கால்களில் சில மில்லிமீட்டர் சாம்பலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பினாங்கின் குடிநீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆறு என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. திறந்த ஆற்றில் சாம்பல் விழுந்தால் நீர் கலங்கும், சுத்திகரிப்பு வடிகட்டிகள் அடைபடும், எல்லாரும் ஒரே நேரத்தில் கழுவத் தொடங்குவதால் தேவையும் எகிறும். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகளின் கையிருப்பு அந்தச் சில நாட்களுக்குத்தான் உதவும். பாயான் லெப்பாஸில் தூசியற்ற அறைகளில் நுண்சில்லு செய்யும் தொழிற்சாலைகளுக்கும் இது சிறு தலைவலியாக இராது.

இவையெல்லாம் இடையூறுகள். உயிரிழப்பாக மாறக்கூடியது மூச்சுத்திணறல் ஒன்றே. அதுவும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும். ஒரு தாமானில் அத்தகையோர் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று குடியிருப்பாளர் சங்கம் அறிந்து வைத்திருந்தால், அதுவும் ஒரு மதிப்பீடுதான்.

தோபா மீண்டும் வெடித்தால் நாம் அழிந்துவிடுவோமா?

இக்கேள்வி இல்லாமல் எந்த உரையாடலும் முடிவதில்லை. 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வெடிப்பு இரண்டாயிரம் கன கிலோமீட்டருக்கும் மேலான பாறைக்குழம்பைக் கக்கி, 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உள்ள பள்ளத்தை விட்டுச் சென்றது. அதில் நிறைந்த நீரே தோபா ஏரி. அதன் சாம்பலைக் காண விரும்புவோர் சுமத்ராவுக்குப் போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்குக்கு இங்கிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். அங்கே கோத்தா தம்பானில், கற்கருவி செய்த மனிதரின் பட்டறை அந்தச் சாம்பலோடு கிடைத்தது. நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் பல ஆண்டுகள் அகழ்ந்த இடம் அது. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் அதே சாம்பல் அடுக்கு உண்டு. அங்கே சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்திருப்பதால், அந்த வெடிப்பில் மனித குலமே அழியும் நிலைக்கு வந்தது என்ற பழைய கருத்தை ஆய்வாளர் பலர் இன்று ஏற்பதில்லை.

தோபாவில் அதற்கு முந்தைய பெரும் வெடிப்புகள் சுமார் 5 லட்சம், 8.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தன. இடைவெளிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அந்த அளவுக்கு வெடிப்பு வந்தால் பினாங்கு “அருகில்” என்ற சொல்லுக்குள் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் நம் காலத்திற்கான ஆயத்தத்தை அதை வைத்துத் திட்டமிடுவது, மாதச் சம்பளத்தை வைத்துப் பிரளயத்திற்குச் சேமிப்பதுபோல் ஆகும். சினாபுங் அளவிலோ அதற்கு ஓரிரு படி மேலோ வரக்கூடியதற்கு ஆயத்தமாக இருப்பதே என் பார்வையில் பொருத்தம்.

எரிமலைச் சுனாமி பினாங்கைத் தாக்குமா?

2004 டிசம்பர் 26 அன்று இத்தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலை நிலநடுக்கத்தால் எழுந்தது, எரிமலையால் அன்று. சினாபுங்கும் தோபாவும் உள்நாட்டில் இருக்கின்றன. கிரக்கத்தாவா சுமத்ராவின் மறுகோடியில், சுண்டா நீரிணையில் இருக்கிறது. நமக்கு இது மிகக் குறைந்த வாய்ப்புள்ள ஆபத்து.

விமானப் பயணத்தை ஏன் இவ்வளவு எளிதாக ரத்து செய்கிறார்கள்?

1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்திலிருந்து பெர்த்துக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, ஜாவாவுக்கு மேல் 37,000 அடியில் பறந்தபோது கலுங்குங் மலையின் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றன. 250-க்கும் மேற்பட்டோரோடு அது மிதந்து இறங்கி, சாம்பலைவிட்டு வெளிவந்த பின் இயந்திரங்கள் மீண்டும் பற்றிக்கொள்ள, ஜகார்த்தாவில் தரையிறங்கியது. கண்ணாடித் துகள் இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி, உள்ளே குளிர்ந்த பாகங்களில் ஒட்டிக்கொள்வதே காரணம். விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளியைக் காணும், உலர்ந்த சாம்பலைக் காணாது. இதன் பின்னரே உலகில் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் அமைந்தன. இந்தோனேசியாவுக்கும் நமக்கும் டார்வின் மையம். 2024 நவம்பரில் புளோரெஸ் தீவின் லெவோதோபி மலையால் பாலிக்கான பயணங்கள் ரத்தானபோது விமான நிலைய முகப்பில் கோபப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டிய கதை இது.

சாம்பல் விழுந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கதவு ஜன்னலை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள். வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணியுங்கள். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறட்டும். காரின் கண்ணாடியில் படிந்த சாம்பலை வைப்பரால் துடைத்தால் கீறல் விழும். கூரையிலும் ஐந்தடிப் பாதையிலும் உள்ள சாம்பலை இலேசாக நீர் தெளித்துப் பெருக்கி மூட்டையில் கட்ட வேண்டும். ரப்பர்க் குழாயால் அடித்துச் சாக்கடைக்குள் தள்ளுவது மிகப் பெரிய தவறு, ஆனால் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். ஏர்கோனை நிறுத்திவிடுங்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை உடனே கழற்றுங்கள். வானிலைத் துறையான மெட்மலேசியா, பேரிடர் மேலாண்மை நிறுவனமான நட்மா ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். பெரியப்பா மகன் அனுப்பிய குரல்பதிவை அல்ல.

பள்ளி விடுமுறையில் சினாபுங் அருகிலுள்ள பெராஸ்தாகி ஊருக்கும் தோபாவுக்கும் குடும்பத்தோடு போகலாமா?

போகலாம். புறப்படும் முன்பும், அங்கே போய்ச் சேர்ந்த பின்பும் ‘மக்மா இந்தோனேசியா’ என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் சினாபுங்கின் நிலையையும், அதற்குரிய தடைத் தொலைவையும் பாருங்கள். காப்புறுதி எடுப்பதாயின், எரிமலையால் பயணம் ரத்தானால் ஈடு உண்டா என்பதை வாங்குமுன் கேளுங்கள். வெடிப்பு செய்தியில் வந்த பிறகு வாங்கும் காப்புறுதி அதற்குப் பொதுவாகச் செல்லாது. தடைப் பலகையைத் தாண்டி நல்ல படம் எடுக்க அழைத்துப் போவதாகச் சொல்லும் வண்டிக்காரர் எவ்வளவு அன்பானவராயினும், அவருடன் போகாதீர்கள். கைவிடப்பட்ட கிராமங்களைப் பார்க்க அப்படி உள்ளே போகிறவர்கள், சூட்டு மேகமும் லஹாரும் இறங்கும் பள்ளத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறார்கள்.